பாஞ்சாலை பேரில் கொடுத்த ரத்தம்

என் மனைவி பாஞ்சாலையைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. இருந்தாலும் நான்தான் பேசியாக வேண்டும். வேறு யார் ஆரம்பித்தாலும் "அந்தத் தைராய்டுக்காரிதானே" என்றுதான் ஆரம்பிப்பார்கள். விருத்தாசலத்தில் எங்கள் தெருவிலும், அவள் வேலை பார்க்கிற பீங்கான் கம்பெனியிலும் இரண்டு வருடமாக அவளுக்கு அதுதான் அடையாளம். அவளுக்குத் தைராய்டு கிடையாது. ஒரு நாளும் இருந்ததில்லை. இருப்பது எனக்கு.

பாஞ்சாலை வேப்பூர்ப் பக்கத்து மானாவாரி ஊரில் பிறந்தவள். அவள் அப்பா ராஜாங்கம் மழையை நம்பி மக்காச்சோளமும் பருத்தியும் போட்டவர். எட்டாவது வரை படித்தாள், இருபது வயதில் எனக்குக் கழுத்தை நீட்டினாள். இங்கே வந்த மூன்றாம் மாதமே பீங்கான் கம்பெனியில் பிசிறு எடுக்கிற வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அச்சில் களிமண் கூழை ஊற்றி எடுத்த பொம்மைக்கு இரண்டு பக்கமும் தையல் போட்ட மாதிரி ஒரு கோடு நிற்கும். முழுசாகக் காய்வதற்குள் அதைப் பிளேடால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, கோடு இருந்த இடமே தெரியாமல் செய்ய வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் பிள்ளையாருக்குத் தும்பிக்கை போய்விடும். பாஞ்சாலை கையில் எந்தச் சாமிக்கும் மூக்கு போனதாகப் பேச்சு வந்ததில்லை. அதனால் முகம் உள்ள பொம்மையெல்லாம் அவளுக்குத்தான் வரும். அகல் விளக்கையும் டீ கப்பையும் மற்றவர்களுக்குத் தள்ளிவிடுவார்கள்.

எங்கள் மகள் அன்புக்கரசி பிறந்தபோது மூன்று மாதம் வேலைக்குப் போகவில்லை. பாஞ்சாலையின் அப்பா செத்தபோது பதினாறு நாள். மற்றபடி உடம்பு சரியில்லை என்று அவள் படுத்து நான் பார்த்ததில்லை. கல்லு மாதிரி உடம்பு. அதிகம் பேச மாட்டாள். பொய் சொல்லத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரி புதுப் புடவை கட்டி வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டால், நல்லாயில்லை என்றால் நல்லாயில்லை என்றே சொல்லிவிடுவாள்.

அவளுக்கும் சேர்த்து நான் பேசுவேன். நான் வேறொரு கம்பெனியில் சூளைக்காரன். பெயர் ராஜமாணிக்கம். சூளை எவ்வளவு சூடு ஏறியிருக்கிறது, எப்போது கேஸைக் குறைக்க வேண்டும் என்று பார்ப்பது என் பொறுப்பு. வேலையில் கெட்டிக்காரன்தான், வாய்தான் கொழுப்பெடுத்தது. அந்த வாய் செய்த ஒரு காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கம்பெனியில் கலியமூர்த்தி என்று ஒரு பேக்கிங் ஆள் இருந்தான். என்னைவிட நான்கைந்து வயது சின்னவன். முகமெல்லாம் ஊதி, குரல் கம்மி, எந்நேரமும் தூங்கி வழிவான். தைராய்டு என்று டாக்டர் சொல்லி மாத்திரை போட ஆரம்பித்தான். வெள்ளந்தியாக அதை டீக்கடையில் எங்களிடமே சொல்லியும்விட்டான். "அது பொம்பளைங்க வியாதியாச்சேடா, உனுக்கு எப்பிடி வந்துச்சி?" என்று நான்தான் ஆரம்பித்தேன். அன்றைக்கே அவனுக்குக் கலியம்மா என்று பேர் வைத்தேன். பேர் ஒட்டிக்கொண்டது. முதலாளி வீட்டுச் சின்னப் பிள்ளை வரைக்கும் கலியம்மா என்றே கூப்பிட்டது. ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தான், அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். அதற்கும் நான் சிரித்தேன்.

இது நடந்து நாலு வருடம் கழித்து எனக்குக் குளிர ஆரம்பித்தது. சித்திரை மாதம், சூளைக்கு முன்னால் நிற்கிறேன், முழுக்கைச் சட்டைக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு. கூட வேலை பார்த்த அர்ச்சுனன் வேர்வையை வழித்து விடுகிறான், எனக்கு உள்ளங்கை சில்லென்று இருக்கிறது. மலம் இறங்காது. மாடிப்படி ஏறினால் தொடை கெஞ்சும். குரல் தகரத்தைத் தேய்த்த மாதிரி ஆனது. வயசாகிறது என்று நினைத்தேன். முதலில் கண்டுபிடித்தவள் பாஞ்சாலைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது என் முகத்தையே பார்த்தாள்.

"உங்க புருவம் ஓரத்துல கொட்டிப் போயி கெடக்குது. மொகமும் உப்பியிருக்குது. டாக்டருகிட்ட போயிட்டு வாங்க" என்றாள்.

"பொம்மைய பாக்கற மாதிரி பாக்காத. வேலையப் பாரு" என்று கடித்துவைத்தேன்.

கார்த்திகைக்கு அகல் விளக்கு ஆர்டர் ஏறியிருந்த சமயம், ஒரு மதியம் சூளைப் பக்கத்திலேயே உட்கார்ந்தபடி தூங்கிப் போனேன். அர்ச்சுனன் சாப்பிடப் போயிருந்தான். எழுந்து பார்த்தபோது சூடு தாண்டிப் போய், விளக்கெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கோணிக்கொண்டு நின்றன. முப்பது வருடத்தில் அப்படி நடந்ததில்லை. முதலாளி திட்டவில்லை. "ஒங்களுக்கு வயசாயிடுச்சி போல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் டாக்டரிடம் போனேன்.

டாக்டரம்மா கழுத்தைத் தடவிப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, முட்டிக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, ரத்தம் எடுக்கச் சொன்னார்கள். அங்கே நர்சே ரத்தம் எடுத்துக் குப்பியில் அடைத்து, எதிரில் உள்ள லேபில் கொடுக்கச் சொல்லி என் கையில் தந்தாள். சீட்டில் தைராய்டு என்று டெஸ்டின் பேர் மட்டும் எழுதியிருந்தது. லேபில் பெஞ்சு நிறையப் பெண்கள். கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த துர்கா எங்களுக்கு அடுத்த தெருப் பெண்.

"தைராய்டா? பேரு சொல்லுங்கண்ணா" என்றாள், பெஞ்சுக்கே கேட்கும்படி.

பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். கலியம்மா என்று நான் வைத்த பேர் என் காதுக்குள்ளேயே கேட்டது.

"பாஞ்சாலை" என்றேன்.

"அண்ணிக்கா? வயசு?"

"நாப்பத்தி மூணு."

அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. வெளியே வந்தபோது சாமர்த்தியமாகத் தப்பித்துவிட்டதாகக்கூட நினைத்தேன், மானங்கெட்டவன்.

மறுநாள் ரிசல்ட்டைப் பார்த்த டாக்டரம்மா, "பேரு மாறியிருக்குதே" என்றார்கள். லேபில் தப்பாக எழுதிவிட்டார்கள் என்றேன். அடித்து என் பேரை எழுதிவிட்டு, பொறுமையாக விளக்கினார்கள். கழுத்தில் இருக்கிற சுரப்பி ஒன்றுதான் உடம்பின் சூட்டையும் வேகத்தையும் பார்த்துக்கொள்கிறது, எனக்கு அது மந்தமாகிவிட்டது, அதனால்தான் குளிரும் தூக்கமும் வீக்கமும். பெண்களுக்கு அதிகம் வரும், ஆண்களுக்கு வராது என்றில்லை. தினம் ஒரு மாத்திரை, விடிந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு. ஆறு எட்டு வாரத்தில் திரும்ப ரத்தம் பார்த்து அளவைச் சரிசெய்ய வேண்டும். "இது குடும்பத்துல ஓடும். உங்க பிள்ளைங்களுக்கும் ஒரு தடவ பாத்துடுங்க" என்றும் சொன்னார்கள். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். மாத்திரைக் கடையிலும் "வூட்ல அவுங்களுக்கு" என்றே சொன்னேன்.

அன்றைக்கே பாஞ்சாலையிடம் சொல்லிவிட்டேன். ஊரில் யாராவது கேட்டு அவள் இல்லையென்று சொல்லிவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடுமே, அதற்காக. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஏன், உங்க பேருக்கு என்னா கொறச்சல்?" என்றாள்.

"சிரிப்பானுவ. நான் கலியமூர்த்திய சிரிச்ச மாதிரி."

அரிசி களைந்த தண்ணீரை வடித்துக் கொட்டினாள். "செரி. பேருதான, வச்சிக்கிங்க."

"யாருகிட்டயும் மூச்சு விடாத."

"அன்புகிட்ட?"

"அவகிட்டயும்தான்."

பொய் சொல்லத் தெரியாதவளுக்கு அன்றைக்கு நான் ஒரு பொய்யைக் கட்டிவைத்தேன்.

மகள் கண்ணில் படக்கூடாதென்று மாத்திரை டப்பாவைக் கம்பெனியில் என் பெட்டியில் வைத்தேன். காலையில் போய், எல்லாரோடும் டீ குடித்துக்கொண்டே வாயில் போட்டுக்கொள்வேன். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் ரத்தத்தில் பெரிய மாற்றம் இல்லை. அந்தச் சீட்டும் பாஞ்சாலை பேரில்தான், டாக்டரம்மா அதையும் அடித்து என் பேரை எழுதினார்கள். அன்றைக்கு மாத்திரைக் கடையில் கலியமூர்த்தி நின்றான். அவன் கையிலும் அதே வெள்ளை டப்பா. முகம் வற்றி, குரல் திரும்பி, ஆள் நன்றாக இருந்தான். நான் வேறு பக்கம் திரும்பினேன், அவனே வந்து பேசினான்.

"அண்ணிக்குன்னு கேள்விப்பட்டண்ணே. கொறயலயாமே? டீயோட போடறாங்களான்னு கேளுங்க. டீயோட போட்டா ஒடம்புல ஒழுங்கா சேராது. எழுந்ததும் தண்ணியில போட்டுட்டு, அரமணி ஒருமணி கழிச்சிதான் எதுவும். சத்து மாத்திர, கால்சியம் போட்டாங்கன்னா நாலு மணி நேரம் தள்ளிப் போடச் சொல்லுங்க. நல்லாயிடுச்சின்னு மட்டும் நிறுத்திடப் போறாங்க. நான் அப்பிடித்தான் ஒரு தடவ நிறுத்திட்டு மறுபடியும் படுத்துட்டேன்."

"செரிப்பா, சொல்றேன்" என்றேன். அவன் செருப்பைக் கழற்றி இரண்டு போட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அவன் சொன்னபடி செய்தேன். டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து பாஞ்சாலையின் புடவை அடுக்கில் வைத்தேன். விடிகாலையில் எழுந்து போட்டுக்கொள்வேன். மூன்று மாதத்தில் குளிர் போனது, முகம் வடிந்தது, குரல் வந்தது. சூளைக்கு முன்னால் பழையபடி வேர்த்து நின்றேன். எனக்கு ஒன்றுமே வரவில்லை என்று நானே நம்ப ஆரம்பித்தேன்.

வந்ததெல்லாம் அவளுக்குத்தான் வந்தது. தெருவில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். முட்டைக்கோசு தொடாதே என்றாள் ஒருத்தி. "அதான் இடுப்பு பெருத்துப் போச்சி" என்றாள் இன்னொருத்தி. ஒற்றைப் பிள்ளையோடு நின்றுபோனதற்குக்கூட அதுதான் காரணம் என்று என் சொந்தக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" என்று போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாள் அர்ச்சுனன் வந்து, "அண்ணிய பேக்கிங்ல போட்டுட்டாங்களாமே" என்றான். எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"தைராய்டு இருந்தா மறதி வருமாம், கை நடுங்குமாம். சாமி மொகத்த ஒடச்சிட்டன்னா என்னா பண்றதுன்னு சூப்பர்வைசரு மாத்திட்டாரு" என்றாள்.

"எப்போ?"

"ஆடி மாசம்."

அப்போது ஐப்பசி. மூன்று மாதமாக அவள் பொம்மைக்கு வைக்கோல் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். போய்ச் சொல்லிவிட்டு வரலாம், அவள் கம்பெனிக்கும் எங்கள் வீட்டுக்கும் சைக்கிளில் பத்து நிமிடம். "உக்காந்து செய்யற வேலதான், பரவால்ல" என்று அவள் சொன்னதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. இதைச் சொல்லவே வாய் கூசுகிறது.

தை பிறந்து அன்புக்கரசியைப் பெண் பார்க்க கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்தார்கள். அன்பு பி.காம். படித்துவிட்டுக் கடைவீதியில் ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். பையன் மதிவாணன், நெய்வேலியில் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. இருவரும் போனில் பேசிப் பிடித்தும் போயிருந்தது. மகள் அந்த ஒரு வாரமும் கண்ணாடி முன்னாலேயே நின்றாள். காபி குடித்து முடித்ததும் பையனின் அம்மா விருத்தாம்பாள் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கேக்கறன்னு தப்பா நெனச்சிக்காதீங்க. பொண்ணோட அம்மாவுக்குத் தைராய்டுன்னு சொன்னாங்க. பொண்ணுக்கும் வருமாம், வந்தா புள்ள தங்காதுன்னு பேசிக்கிறாங்க. எங்களுக்கு இருக்கறது ஒரே பையன்."

பாஞ்சாலை என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாக இல்லை, கெஞ்சலாகவும் இல்லை. சோறு போதுமா என்று கேட்பாளே, அப்படித்தான் பார்த்தாள். கூடத்தில் பத்துப் பேர் இருந்தோம். பையனின் மாமா ஒருவர் எங்கள் கம்பெனிக்கு லாரி ஓட்டுகிறவர். அவர் எதிரில் எனக்கு நாக்கு எழவில்லை. அதோடு நின்றிருந்தால்கூட ஒரு கணக்கு. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினேன்.

"மாத்திர போட்டுக்கிட்டுதான் இருக்குறா. இப்பலாம் கட்டுக்குள்ள இருக்குது."

பாஞ்சாலை பார்வையை எடுத்துக்கொண்டு டம்ளர்களை அடுக்கி உள்ளே போனாள்.

நாலாம் நாள் போன் வந்தது. பொருந்திய ஜாதகம் பொருந்தவில்லையாம். அன்று முதல் அன்பு அவள் அம்மா போட்ட சோற்றைச் சாப்பிட மாட்டேன் என்று தானே தட்டில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். அம்மா பேசினால் பதில் இல்லை. என்னிடம் மட்டும் சிரித்துப் பேசினாள். அந்தச் சிரிப்புக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன் பாருங்கள், அந்தச் சோறு எப்படித் தொண்டையில் இறங்கியதென்று தெரியவில்லை.

டாக்டரம்மா பிள்ளைகளுக்கும் பார்க்கச் சொன்னதை அப்போதும் நான் சொல்லவில்லை. சொன்னால் யார் சொன்னது, எப்போது என்று கேள்வி வரும். முடி கொட்டுகிறது, மாதா மாதம் தள்ளிப் போகிறது என்று அன்புதான் ஒரு சனிக்கிழமை தானாகப் போய் டாக்டரைப் பார்த்து, ரத்தமும் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் காலை ரிசல்ட்டை டாக்டரிடம் காட்டிவிட்டுச் சீட்டோடு வந்தாள். பாஞ்சாலை கீழே உட்கார்ந்து கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். சீட்டை அன்பு அவள் மடியில் வீசினாள்.

"எனுக்கும் வந்துடுச்சி. இப்பதான் ஆரம்பமாம். போதுமா? ஒரு நல்லது குடுத்ததில்ல, உன் ரத்தத்துல இருந்து இத குடுத்துட்ட."

பாஞ்சாலை சீட்டை எடுத்துப் பார்த்தாள். "என்னா சொன்னாங்க? மாத்திர எழுதிக் குடுத்தாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"பேசாத. உன்னாலதான் அந்த சம்மந்தம் நின்னு போச்சி, உன்னாலதான் இதுவும்."

நான் வாசல் பக்கம் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அப்படியே வெளியே போயிருக்கலாம். இரண்டு வருடமாக அப்படித்தான் போயிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் கால் நகரவில்லை. தைரியம் வந்ததென்று சொல்ல மாட்டேன். என் பிள்ளை கொட்டிய வார்த்தை அத்தனையும் எனக்கு உரியது, அதைப் பாஞ்சாலை மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பது அதற்குமேல் தாங்கவில்லை.

"அம்மாவ சொல்லாத அன்பு. அது அவ ரத்தம் இல்ல, என்னுது. தைராய்டு எனுக்குத்தான். அவளுக்கு ஒண்ணும் கெடயாது."

அன்பு என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "அம்மாவ திட்டக் கூடாதுன்னு நீங்க ஏம்ப்பா இப்பிடி சொல்றீங்க?" என்றாள்.

நான் நல்லவன் என்று நினைத்துவிட்டாள். அந்த ஒரு நிமிடத்துக்கு எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. உள்ளே போய்ப் புடவை அடுக்குக்கு அடியிலிருந்து டாக்டரம்மாவின் சீட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தேன். எல்லாவற்றிலும் ராஜமாணிக்கம் என்று என் பேர். லேப் சீட்டில் பாஞ்சாலை என்று அச்சாகியிருந்ததை அடித்துவிட்டு, டாக்டரம்மா கையால் எழுதிய அதே பேர். லேபில் நின்றதிலிருந்து பெண் பார்த்த அன்றுவரை எல்லாவற்றையும் சொன்னேன். கலியமூர்த்தி கதையையும் விடவில்லை. அவள் தேதி தேதியாகப் படித்தாள். அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏம்மா நீ சொல்லல? அவுங்க கேட்டப்பகூட ஏன் சொல்லல?"

பாஞ்சாலை கத்தரிக்காயை அரிந்து தண்ணீரில் போட்டபடியே சொன்னாள். "மொதல்ல தெனம் நெனப்பன், இன்னிக்கி சொல்லிடுவாரு, நாளைக்கி சொல்லிடுவாருன்னு. என்ன பேக்கிங்ல போட்டப்ப வந்து சொல்லுவாருன்னு நெனச்சேன். ஒன்ன பொண்ணு பாக்க வந்து, அந்தம்மா கேட்டாங்க பாரு, அப்ப கண்டிப்பா சொல்லிடுவாருன்னு இருந்தேன். பெத்த பொண்ணாச்சே."

"அப்பறம்?"

"அப்பறம் நெனைக்கறத விட்டுட்டேன்."

அதைச் சொல்லிவிட்டு அவள் என் பக்கம் திரும்பவில்லை. மகளுடைய சீட்டை ஈரம் படாமல் புடவையில் துடைத்து அவள் கையில் கொடுத்தாள். "மாத்திரய வெறும் வயித்துல போடணும். விடியக்காலம் நான் எழுப்பி வுடறேன்" என்றாள்.